முப்பத்தெட்டாவது வெள்ளிக்கிழமை

ட்ரிங்...! ட்ரிங்...!

வெங்காயம் வெட்டிய கையோடு ஓடிவந்து பேபி தொலைபேசியை எடுத்தாள்.

"ஹலோ..."

"உன் புருஷன் எங்க கையில இருக்கான்!"

கரகரத்த ஆண் குரல். வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"ஆர் கதைக்கிறது?"

"கேள்வி கேக்காதே! தியாகலிங்கம் உயிரோட வேணும்னா சொல்றதைக் கேளு. நாளைக்கு உன் மகன் கிரவுண்டுல கால் வைக்கக் கூடாது!"

பேபியின் கையிலிருந்த கத்தி தரையில் விழுந்தது.

"எ... என்ன?"

"டிவியில அவன் முகம் தெரிஞ்சுது... இங்க ஒரு உயிர் போயிடும்! போலீஸ் கீலீஸ்னு போனே, அதோட சரி! விளங்குதோ?"

"ஓம்..."

"சரி அக்கா, அப்ப வைக்கிறன்."

டொக்!

2009 மே 28. வியாழக்கிழமை. பின்னேரம் நாலு மணி. கனடா, ரொறன்ரோவின் வோபர்னில் பதினோராவது மாடி அப்பார்ட்மென்ட்.

பேபி கணவரின் தொழிற்சாலைக்கு எண்களை அழுத்தினாள். கதவு, ஜன்னல் செய்கிற இடம்.

"தியாகா? இன்றைக்கு வேலைக்கே வரவில்லையே அம்மா..." என்றார் சூப்பர்வைசர்.

வரவில்லையா? பத்தொன்பது வருடங்களில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனிதர்! காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு போனாரே!

பேபி குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தாள். அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முப்பத்தெட்டுக் கட்டங்கள். முப்பத்தேழில் அவள் கைப்பட எழுதிய முடிவுகள். ஒன்று மட்டும் வெறுமை.

அந்தத் தாள்தான் அவள் மகன் சுலக்சனின் வருடம்!

சென் ஜேம்ஸ் ரவுணில் கார் பார்க்கில் பந்து உதைத்து, சுவரில் அடித்து, காவலாளியிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவன். இப்போது வயது இருபத்திரண்டு. பிரான்சில், சென்ற் ஓரேல் என்கிற சின்ன ஊரின் உதைபந்து அணிக்கு முன்வரிசை ஆட்டக்காரன். இரண்டாம் டிவிஷன். இருபது அணிகள், முப்பத்தெட்டு ஆட்டங்கள். முதல் மூன்று அணிகள் மட்டும் முதல் டிவிஷனுக்கு ஏறும்.

ஆகஸ்டில் அவர்கள் வரிசையாகத் தோற்றார்கள். செப்டம்பரில் பத்தொன்பதாவது இடம். சுலக்சன் பெஞ்சில் உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தான். நவம்பரில், உறைந்து கல்லாகிப்போன புல்லில் முதல் கோல்! அதன்பிறகு அவனை யாரும் உட்கார வைக்கவில்லை. இப்போது நான்காவது இடம். நாளை வென்றால் மூன்றாவது. வெல்லாவிட்டால் மறுபடியும் இதே பஸ், இதே இரண்டாம் டிவிஷன்.

ஆனால் அவனை ஏன் யாரோ நிறுத்தப் பார்க்கிறார்கள்?

காரணம் பேபிக்குத் தெரியும்.

இலங்கையில் யுத்தம் முடிந்து பத்து நாள். அதை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோத் தெருக்களில் நின்று கத்தியவர்களின் தொண்டை இன்னும் ஆறவில்லை. பேபியின் தொண்டையும்தான். தியாகலிங்கத்தின் ஒரே தம்பி ஸ்ரீதரனை வவுனியாவில் முட்கம்பி முகாமுக்குள் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"கோல் அடிச்சா ஜேர்சியைக் கழட்டுவன் அம்மா. உள்ளுக்க சித்தப்பான்ர படம்!" என்று போன வாரம் சொல்லியிருந்தான் சுலக்சன். அணியின் உடுப்புகளுக்குப் பொறுப்பான கிழவர் சீமோன், ஜேர்சிக்கு நம்பர் அடிக்கும் சூட்டு மெஷினிலேயே படத்தைப் பெனியனில் அடித்தும் கொடுத்துவிட்டார்.

அது எப்படியோ யாருக்கோ கசிந்துவிட்டது!

பேபி பிரான்சுக்கு அழைத்தாள்.

"அம்மா? நாங்க படுக்கப்போறம். என்ன இந்த நேரம்?"

சொன்னாள்.

"வாட்?! அப்ப நான் விளையாடேல்ல! கோச்சிட்ட இப்பவே சொல்லுறன்!"

"சொல்லாதை!"

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? அது அப்பான்ர உயிர்!"

"ஆற்ற உயிர் எண்டு எனக்குத் தெரியாதோ? நீ நிண்டா அவரை விடுவாங்கள் எண்டு ஆர் எழுதித் தந்தது? இண்டைக்கு விளையாடாதை எண்டுவாங்கள். நாளைக்குக் கதையாதை எண்டுவாங்கள். பிறகு மூச்சும் விடாதை எண்டுவாங்கள்! எனக்குப் பயந்து பயந்து அலுத்துப்போச்சு!"

"அப்ப என்ன செய்யுறது?"

"நாளைக்கு உங்கட ஃபோனை எத்தினை மணிக்கு வாங்குவினம்?"

"ஏழுக்கு. உங்களுக்குப் பகல் ஒரு மணி. மட்ச் முடியுமட்டும் தரமாட்டினம்."

"அதுக்குள்ள நான் அப்பாவைக் கண்டுபிடிக்கிறன்."

"பிடிக்காட்டி?"

பேபி கண்ணை மூடினாள்.

"பிடிக்காட்டியும் விளையாடு!"



"அம்மா... அப்பான்ர படம் ஒண்டு உடன அனுப்புங்கோ. அவற்ற முகத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கப்போறன்."

பிள்ளைக்கு எவ்வளவு பாசம்! நயாகராவில் நீல மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தியாகலிங்கம் பல்லைக் காட்டும் படத்தை அழுதுகொண்டே அனுப்பினாள் பேபி.

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு ஐம்பது.

பக்கத்து வீட்டு றசீனா காலையிலிருந்து பேபியோடுதான் இருந்தாள். பாடசாலை வான் ஓட்டுகிறவள். எதற்கும் அசையாதவள்.

"அக்கா, கடைசியாச் சொல்லுறன். பொலிஸுக்கு எடுப்பம்."

"எடுத்தா ஆள் இல்லை எண்டவன், றசீனா!"

"எடுக்காட்டி ஆள் இருக்கிறாரெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டிங்!

கணினியில் ஒரு மின்னஞ்சல். எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு படம் மட்டும்!

பேபி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தியாகலிங்கம்! கதிரையில்! உடம்பைச் சுற்றிக் கொடிக்கயிறு. கண்ணைச் சுற்றிச் சால்வை. மடியில் இன்றைய தேதியிட்ட பத்திரிகை.

"ஐயோ... என்ர மனுசன்..."

"யா அல்லாஹ்! போதும் அக்கா, நான் பொலிஸுக்கு எடுக்கிறன்!"

பேபி திரையைத் தடவித் தடவி அழுதாள். நெற்றியைத் தடவினாள். கையைத் தடவினாள். முழங்காலைத் தடவினாள். கால்...

விரல் நின்றது!

"பொறு றசீனா. ஃபோனை வை."

"ஏன்?"

"இவர் காலில வெறும் சொக்ஸோட இருக்கிறார். சப்பாத்து எங்க?"

றசீனா குனிந்து பார்த்தாள். படத்தின் மூலையில் ஒரு வாசல். அந்த வாசலில் ஒரு கால்மிதி. அதற்குப் பக்கத்தில் தியாகலிங்கத்தின் கறுப்புச் சப்பாத்து, இரண்டு குதிகளும் ஒட்டி, மூக்கு வெளியே பார்த்தபடி, அடுக்காக!

"கடத்திக்கொண்டு போன வீட்டுக்க... சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டோ போனவர்?"

"அவர் மட்டுமில்லை. கடத்தினவனும் கழட்டியிருக்கிறான், பார்!"

வரிசையில் இன்னும் இரண்டு சோடிகள். சுண்ணாம்பு படிந்த வேலைச் சப்பாத்து ஒன்று. அதன் பக்கத்தில் பெரிய ரோசாப்பூ வைத்த, பஞ்சு போன்ற வீட்டுச் செருப்பு ஒன்று.

பேபியின் அழுகை பட்டென்று நின்றது. கண்ணீர் மட்டும் தெரியாத்தனமாக இன்னும் இரண்டு சொட்டு விழுந்தது.

"இந்தச் செருப்பு நத்தார் பண்டிகைக்கு நான் வாங்கிக் குடுத்தது!"

"ஆருக்கு?"

"அஜக்ஸில அன்ரனெற்றுக்கு! இவற்ற கூட்டாளி கஸ்பரின்ர பெண்சாதி! அவன்தான் கோயில் விழாவில வில்லன் வேசம் போடுறவன்! 'சரி அக்கா, அப்ப வைக்கிறன்'... கடவுளே, எனக்கு நேற்றே மண்டையில தட்டியிருக்க வேணும்! எந்தக் கடத்தல்காரனடி சொல்லிப்போட்டு வைக்கிறவன்?"

மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்று இருபது!

சுலக்சனின் எண்ணை அழுத்தினாள். அணைக்கப்பட்டிருந்தது. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் அதே.

இருபது நிமிடம் பிந்திவிட்டது! பிள்ளை அங்கே அப்பா செத்துவிடுவாரோ என்ற பயத்தோடு பூட்ஸ் கட்டிக்கொண்டிருப்பான்!

"றசீனா, வானை எடு!"

401 நெடுஞ்சாலை வெள்ளிக்கிழமைக் குணத்தைக் காட்டியது. கார்கள் நகரவில்லை. பேபி இருக்கையின் விளிம்பில் இருந்து முன்னால் போன லொறிகளை எல்லாம் ஏசினாள்.

"அக்கா, அவர் ஏன் இப்பிடிச் செய்தவர்?" றசீனா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு கேட்டாள்.

"எனக்குத் தெரியும். அவர் வாயாலயும் கேக்க வேணும்."

"கேட்டுப்போட்டு?"

"கொல்லுவன். பிறகு பொலிஸுக்கு நீ எடு!"

அஜக்ஸில் கஸ்பர் வீட்டை அடைந்தபோது இரண்டு ஐம்பது. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம். பக்கக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. பேஸ்மென்றில் இருந்து ஒரு குரல் அலறியது...

"பின்னால ஆள் வாறான்! குடுத்திட்டு ஓடடா! ஓடு!"

கடத்தப்பட்டவரின் குரல்!

வாசலில் அந்த மூன்று சோடிகளும் அப்படியே இருந்தன. பேபி அவற்றைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு தமிழ் வீட்டுக்குள் சப்பாத்தோடு இறங்கினாள்.

டக். டக். டக்.

மரப்படியில் அந்தச் சத்தம் கேட்டதும் கீழே மூன்று தலைகள் திரும்பின.

சோபாவில் தியாகலிங்கம், கையில் கடித்த றோல்ஸ். பக்கத்தில் கஸ்பர். தேத்தண்ணித் தட்டோடு அன்ரனெற். கொடிக்கயிறு மூலையில் கிடந்தது. கொம்பியூட்டரில் இருந்து பெரிய ரீவிக்கு ஒரு வயர், ரீவியில் பச்சைப் புல், வெள்ளை ஜேர்சிகள்!

தியாகலிங்கம் அவசரமாகச் சால்வையை எடுத்துக் கண்ணைக் கட்டப் போனார்.

"வேண்டாம். அப்பிடியே இருங்கோ. மட்சைப் பாருங்கோ" என்றாள் பேபி.

"அ... அக்கா... வாங்கோ, இருங்கோ..." கஸ்பர் எழுந்தான்.

"என்ன வில்லன், இந்தியத் தமிழ் முடிஞ்சுதோ? நேற்று நல்லாத்தானே கதைச்சனீர்!"

"நான் சொன்னனான் அக்கா, இது சரிவராது எண்டு. அண்ணைதான் கெஞ்சினவர்..."

"நான் தேத்தண்ணி மட்டும்தான் போட்டனான்" என்றாள் அன்ரனெற் அவசரமாக.

பேபி கணவரின் முன்னால் போய் நின்றாள். ரீவி மறைந்தது. அவர் தன்னையறியாமல் தலையைச் சரித்து அவள் இடுப்புக்குப் பக்கத்தால் பந்தைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் வந்தது.

"நேற்றுப் பின்னேரத்தில இருந்து நான் தண்ணி குடிக்கேல்லை, தெரியுமோ? பிள்ளை அங்க அழுதுகொண்டு கிடந்தவன். என்னத்துக்கு இந்தக் கூத்து?"

தியாகலிங்கம் றோல்ஸைக் கீழே வைத்தார்.

"அவன் உள்ளுக்க இருக்கிறானடி."

"ஆர்?"

"என்ர தம்பி. கம்பிக்குள்ள. இவன் இஞ்ச ரீவியில படத்தைக் காட்டினா, அங்க அவனை வெளியில கூப்பிடுவாங்கள். கூப்பிட்டா... திரும்பி வரமாட்டான். உனக்கும் சொன்னனான், மகனுக்கும் சொன்னனான். ஆர் கேட்டது? சரி, என்ர உயிருக்காவது பயப்படுவான் எண்டு நினைச்சன்..."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் உடைந்து அழுதார். ஐம்பத்து நாலு வயது மனிதர், மூக்கு ஒழுக ஒழுக அழுதார். பேபிக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி கரைந்தது. மீதிப் பாதியை அவள் விடவில்லை.

"பத்தொன்பது வருசம் உங்கட தம்பின்ர பேரை வெளியில சொல்லாமல் இருந்தம். அது அவரைக் காப்பாத்திச்சுதோ? சொல்லுங்கோ. காப்பாத்திச்சுதோ?"

அவர் சால்வையால் மூக்கைத் துடைத்தார்.

"பேர் தெரியாத ஆளை இல்லாமல் செய்யிறது சுகம். ஊருலகம் பார்த்த முகத்தை இல்லாமல் செய்யிறது அவ்வளவு சுகமில்லை. நான் நினைக்கிறது பிழையாயும் இருக்கலாம். ஆனா, ஒளிச்சு ஒளிச்சு இனி என்னால ஏலாது!"

"அக்கா... மட்ச்..." என்றான் கஸ்பர் மெதுவாக.

இடைவேளை போனது. ஒரு கோலும் இல்லை. அறுபது நிமிடம். எழுபது. சுலக்சன் பைத்தியக்காரன் போல ஓடினான். யாரையும் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை. தன் பிள்ளை எதை நெஞ்சில் சுமந்துகொண்டு ஓடுகிறான் என்று தெரிந்த தாயால் உட்காரவே முடியவில்லை.

எண்பத்து நாலாவது நிமிடம்!

வலப்பக்கத்தில் இருந்து பந்து வந்தது. தாழ்வாக, வேகமாக. சுலக்சன் இரண்டு பேருக்கு நடுவே காலை நீட்டினான்...

கோல்!

றசீனா கஸ்பரைக் கட்டிப்பிடிக்கப் போய்க் கடைசி நொடியில் அன்ரனெற்றைக் கட்டிப்பிடித்தாள். தேத்தண்ணி கொட்டியது. தியாகலிங்கம் மட்டும் எழவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதையடா... கழட்டாதை..."

சுலக்சன் கமெராவை நோக்கி ஓடினான். ஜேர்சியைக் கழற்றி எறிந்தான். உள்ளே வெள்ளைப் பெனியன். அதில் பெரிதாக ஒரு முகம்...

நீல மழைக்கோட்டு! நயாகரா! பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு!

"இது... இது நானெல்லோ!" என்று அலறினார் தியாகலிங்கம்.

ஸ்ரீதரன் எங்கே? திரையில் சுலக்சன் மெதுவாகத் திரும்பினான். முதுகில் ஸ்ரீதரன்! முதலில் சித்தப்பாவுக்காக அடித்த பெனியனின் மறுபக்கத்தில்தான் கிழவர் சீமோன் அப்பாவை அடித்திருந்தார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இரண்டு முகங்களுக்கும் கீழே ஒரே வரி, பிரெஞ்சில்.

"என்ன எழுதியிருக்கு?" பேபி கத்தினாள். "அன்ரனெற், நீ பாரிஸில இருந்தனியெல்லோ! வாசி!"

அன்ரனெற் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

"இவர்கள் எங்கே?"



ஒரு படத்தை மறைக்க ஒளித்தவர், இரண்டு படம் ஆக்கிவிட்டு சோபாவில் இருந்தார்! கமெரா நெருங்கிப்போய், அவருடைய முகத்தை, பிறகு அவர் தம்பியின் முகத்தைத் திரை நிறையக் காட்டியது. ரீவியில் பிரெஞ்சு வர்ணனையாளர் ஏதோ வேகமாகப் பேசினார். கஸ்பர் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. மேலே இன்னொன்று அடித்தது.

ஜேர்சியைக் கழற்றியதற்காக நடுவர் ஓடிவந்து மஞ்சள் அட்டையை நீட்டினார். சுலக்சன் அதைப் பார்க்கவே இல்லை.

தியாகலிங்கம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். தம்பியின் கன்னத்தில் விரலை வைத்தார்.

"மெலிஞ்சுபோனான்" என்றார். "இந்தப் படம் எடுக்கேக்கையே மெலிஞ்சுதான் இருந்தவன்."

பேபி அவர் முதுகில் கையை வைத்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கோபித்தது போதும்.

ஒன்றுக்குப் பூச்சியம். மூன்றாவது இடம்! நாலு இருபதுக்கு அவள் கைப்பைக்குள் தொலைபேசி துள்ளியது.

"அம்மா! அப்பா? அப்பா எங்க?"

"இஞ்சதான் ராசா. ஒரு கீறல் இல்லை. முழுசா இருக்கிறார்."

மறுமுனையில் சுலக்சன் விம்மினான். பின்னால் அணி முழுவதும் பாடிக்கொண்டிருந்தது.

"ஆர் கடத்தினது? பிடிச்சாச்சோ?"

தியாகலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். கஸ்பர் கூரையைப் பார்த்தான்.

"பிடிச்சாச்சு. நீ வீட்டை வா, ஆறுதலாச் சொல்லுறன். உனக்கு என்ன, மஞ்சள் தந்திட்டாங்களோ?"

"பத்து மட்சுக்குள்ள மூண்டாவது மஞ்சள். அடுத்த சீசன் முதல் மட்ச் விளையாட ஏலாது."

"அடுத்த சீசன் எந்த டிவிஷன்?"

"முதல் டிவிஷன் அம்மா!"

"அப்ப சந்தோசமா இருந்து பார்! அந்தப் பெனியனைக் கவனமா வச்சிரு. சித்தப்பா வெளிய வந்த பிறகு அவருக்குக் காட்ட வேணும்."

"சீமோன் தோய்க்கக் கேக்கிறார், குடுக்கட்டோ?"

"குடு. ஆனா கொதிதண்ணியில போட வேண்டாமெண்டு சொல்லு. படம் சுருங்கிப்போகும்."

"ஆற்ற படம்?"

பேபி சோபாவைப் பார்த்தாள்.

"அப்பாவைத்தான் சொல்லுறன். இஞ்ச ஆள் ஏற்கெனவே அரைவாசியாச் சுருங்கிப்போய் நிக்கிறார்!"